அப்பா இருக்கிற இடம்

ஜூன் 6

டோக்கன் மகாராணிக்கு,

இங்கு நான் நலம். நீயும் சுண்டுவும் நலம்தானே? முதுகுவலித் தைலத்தை அலமாரியில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருப்பாய், எனக்குத் தெரியும்.

பத்திரமாக வந்து சேர்ந்தேன். சீர்திருத்தப் பள்ளி என்றதும் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாயே, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. பெரிய மதில், உள்ளே விளையாட்டு மைதானம், நீளமான படுக்கைக் கூடம், ஒரு சாப்பாட்டுக் கூடம். தப்பு செய்துவிட்டு வந்த பையன்களைத் தண்டிக்காமல் திருத்த வேண்டும் என்று அரசாங்கம் புதிதாகத் திட்டம் போட்டிருக்கிறது. அந்தத் திட்டத்தில்தான் நான் மரவேலை மாஸ்டர். ஃபர்னிச்சர் கடை மூடி வீட்டில் உட்கார்ந்திருந்தவனை ‘சார்’ என்று கூப்பிடுகிறார்கள், கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பட்டறைத் திறப்பு விழாவுக்குப் பெரிய அதிகாரி வந்து ரிப்பன் வெட்டினார். அவர் கார் வெளியே போனதும் உளி, ரம்பம், இழைப்புளி, ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கண்காணிப்பாளர் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். கூர்மையான எதுவும் பையன்கள் கைக்குப் போகக் கூடாது என்பது பழைய உத்தரவு. மரவேலை கற்றுக்கொடு என்பது புது உத்தரவு. இரண்டுக்கும் நடுவில் நான். மிச்சம் இருப்பது உப்புத்தாள் மட்டும்தான். ஒரு பெஞ்சை வைத்துக்கொண்டு எல்லாரும் தேய்க்கிறார்கள். வழவழவென்று ஆகிவிட்டது, உட்கார்ந்தால் வழுக்குகிறது.

பையன்கள் தங்கமானவர்கள். பயப்பட எதுவும் இல்லை. ஆபீஸ் போனில் பேசினால் கிளார்க் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் கடிதமே போடு.

உன்,
உப்புத்தாள் மாஸ்டர்


ஜூன் 22

மதிப்புக்குரிய மாஸ்டர் அவர்களுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? பனியனை உதறிக் காயப்போடுங்கள், அப்படியே சுருட்டிப் போடாதீர்கள்.

தைலம் அலமாரியில்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருங்கள்.

பல் ஆஸ்பத்திரியில் கூட்டம் குறையவில்லை. நான் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டால் போதும், டாக்டரிடம் போவதற்கு முன்பே என்னிடமே வாயைத் திறந்து காட்டுகிறார்கள். ஊரே வாயைத் திறக்கிறது, நம் பிள்ளை மட்டும் திறப்பதில்லை. கேட்டதற்கு ‘ம்’, கேட்காததற்கு அதுவும் இல்லை. பதினைந்து வயதில் எல்லாப் பையன்களும் இப்படித்தான் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்கிறாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் போனதிலிருந்து பொறுப்பு வந்திருக்கிறது. தன் சட்டையைத் தானே துவைக்கிறான். நான் வேலையிலிருந்து வருவதற்குள் கொடியில் தொங்குகிறது. பைக் ஷெட் அண்ணன் ஒருவர் வேலை கற்றுக்கொடுக்கிறாராம், மாலையில் அங்கே போகிறான். சும்மா சுற்றுவதற்கு அது மேல் என்று விட்டுவிட்டேன். சரிதானே?

அங்கே இருக்கும் பையன்கள் நிஜமாகவே அடித்துக்கொள்வதில்லையா? இரவில் உங்கள் அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தைலக்காரி


ஜூலை 9

மகாராணிக்கு,

நலமே. உங்கள் நலம் எழுதவும். முதுகை வளைத்துத் தண்ணீர்க் குடத்தைத் தூக்காதே, அந்தப் பெரிய மனுஷனைத் தூக்கச் சொல்.

சட்டை துவைக்கிறானா! எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வராத புத்தி அவனுக்கு வந்துவிட்டதே. என் பிள்ளையாக இருக்க முடியாது, உன் பிள்ளைதான். சந்தோஷமாக இருக்கிறது.

இங்கே ஒரு பையன் இருக்கிறான். பதினேழு முடியப் போகிறது. எல்லாரும் அவனைச் ‘சின்ன சார்’ என்று கூப்பிடுகிறார்கள். கெட்டிக்காரன். மாலையில் கண்காணிப்பாளர் வீட்டுக்குப் போன பிறகு படுக்கைக் கூடத்தை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். சனிக்கிழமை கடிதம் வந்தால் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து எல்லாருக்கும் அவனே சத்தமாக வாசித்துக் காட்டுகிறான். பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது இல்லையா? அவர்கள் அனுப்பும் கடிதமும் அவன் கண்ணில் பட்டுத்தான் போகும். நல்ல வழக்கம் என்று கண்காணிப்பாளரே மெச்சுகிறார்.

தையல் மாஸ்டர் என்று ஒருவர் இருக்கிறார். வந்த அன்றே என் தோளில் கை போட்டு, “வீட்ட பத்தி, பிள்ள குட்டி பத்தி இவனுங்ககிட்ட வாயே தொறக்காதீங்க சார்” என்றார். பயந்த சுபாவம், நிழலைப் பார்த்தாலும் நடுங்குவார். அவரை விடு.

நம் வீட்டு வாயடைத்த சாமியாரை ஒரு வரி எழுதச் சொல்.

உன்,
மாஸ்டர்


ஆகஸ்ட் 20

அன்புள்ள உங்களுக்கு,

சுகம். நீங்கள் சுகமா? பதில் போடத் தாமதமாகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. சுண்டுவும் நன்றாக இருக்கிறான்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டிருக்கிறான். கெட்டவன் இல்லை, சேர்க்கை சரியில்லை. போலீஸ் இன்னும் அவனைத் தேடி வரவில்லை, ஆனால் வரலாம். அவன் அம்மா என்னிடம் வந்து அழுகிறாள். தானாகவே கூட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தால் உங்கள் இடத்துக்குத்தான் அனுப்புவார்களா? அங்கே அவனை அடிப்பார்களா? பெரிய பையன்களோடு படுக்க வைப்பார்களா? நீங்கள் நாள் முழுக்க அவர்களோடுதான் இருக்கிறீர்களா?

விவரமாக எழுதுங்கள். அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். உடனே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


ஆகஸ்ட் 27

மகாராணிக்கு,

இங்கு நலம். காய்ச்சல் என்று ஒரு மாதம் கழித்துச் சொல்கிறாய், நன்றாக இருக்கிறது உன் நியாயம். மாத்திரை சாப்பிட்டாயா?

அந்த அம்மாவுக்குத் தைரியம் சொல். போலீஸ் வந்து பிடித்துப் போவதற்கும் பெற்றவளே கூட்டிப் போய் நிற்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நன்னடத்தை அலுவலரைப் போய்ப் பார்க்கச் சொல். பதினெட்டுக்குக் கீழே என்றால் ஜெயில் கிடையாது. விசாரணை முடியும் வரை இங்கே இருப்பான். நம் பக்கத்துக்கு இது ஒன்றுதான் இல்லம், வேறெங்கும் அனுப்ப மாட்டார்கள். படிக்கலாம், விளையாடலாம், என்னிடம் வேலை கற்றுக்கொள்ளலாம்.

அடி, உதை என்பதெல்லாம் வெளியே இருப்பவர்கள் கட்டும் கதை. நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை பட்டறையில்தான் இருக்கிறேன். பையன் என் கண் முன்னால் இருப்பான். ஒரு துரும்பு அவன்மேல் படாது, அதற்கு நான் பொறுப்பு என்று அந்த அம்மாவிடம் சொல். மாஸ்டர் வாக்குக் கொடுத்துவிட்டார் என்று சொல்.

கண்காணிப்பாளர் போன வாரம் என்னைப் பாராட்டினார். இந்தத் திட்டமே உங்களை மாதிரி ஆட்களை நம்பித்தான் சார் இருக்கு என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

உன்,
மாஸ்டர்


செப்டம்பர் 9

என் கண்ணே,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் சுண்டுவை வீட்டுக்குள் வைத்துக்கொள். யாரிடமும் கூட்டிக்கொண்டு போகாதே.

இன்று பட்டறையில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையன், “எங்கம்மாவுக்கு நான் திருந்திட்டேன்னு ஒரே சந்தோஷம் சார். கறை தெரியாம என் சட்டைய நானே தொவைக்க ஆரம்பிச்சேன்ல” என்றான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சுண்டு துவைக்கும் சட்டை ஞாபகம் வந்தது. நம் பக்கத்து வீட்டில் இருப்பது இரண்டு பெண் குழந்தைகள். அங்கே பையனே கிடையாது. கல்லுப் பிள்ளையார் மாதிரி இத்தனை நாள் இருந்திருக்கிறேனே!

இப்போது உண்மையைச் சொல்கிறேன். இங்கே பகலில் அரசாங்கம். கண்காணிப்பாளர் கேட்டைத் தாண்டியதும் சின்ன சார். வாசித்துக் காட்டுகிறான் என்று எழுதினேனே, அது உதவி இல்லை. யாருடைய அம்மா அழுதிருக்கிறாள், யாருக்கு வீட்டில் யார்மேல் உயிர் என்று எல்லாம் அதில் தெரிந்துகொண்டு, அதை வைத்துத்தான் ஒவ்வொருவனையும் ஆட்டி வைக்கிறான். போன வருஷம் வார்டனின் அக்கா மகன் ஒருவன் இங்கே வந்திருக்கிறான். வார்டன் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்த மறுநாள் அவன் வலது கை கதவிடுக்கில் நசுங்கியது. தானாகக் கதவு சாத்திக்கொண்டது என்று கோப்பில் எழுதி மூடிவிட்டார்கள். தையல் மாஸ்டர் அழுதுகொண்டே சொன்னார்.

நீ பயப்படுவாய் என்றுதான் இதையெல்லாம் மறைத்தேன். நானும் இங்கே தாழ் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன்.

அவன் என்ன செய்திருந்தாலும் சரி. லீவு கேட்டிருக்கிறேன், வருகிறேன். ஆபீஸ் போனில் சொன்னால் கிளார்க் காது வழியாகச் சின்ன சாருக்கு எட்டிவிடும். நான் வரும் வரை வாசலைத் தாண்ட விடாதே.

உன்,
நான்


செப்டம்பர் 10

அன்புள்ள உங்களுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? ஒரு மாதம் கழித்து இன்றுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வருகிறது. முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் என்று எழுதியது நம் சுண்டுவைத்தான்.

ஜூன் மாதம் ஒரு விடுமுறை நாள் மத்தியானம், பைக் ஷெட் அண்ணனும் இன்னொருவனும் எலக்ட்ரிக் கடையின் பின்கதவை உடைத்திருக்கிறார்கள். ஆள் வந்தால் விசில் அடிக்க இவனைத் தெருமுனையில் நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே காவல்காரப் பெரியவர் படுத்திருந்திருக்கிறார். அவரைக் கம்பியால் அடித்துவிட்டு அவர்கள் ஓடிவிட்டார்கள். இவன் சத்தம் கேட்டு உள்ளே போய் அவரைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறான். சட்டையெல்லாம் ரத்தம். அப்புறம் இவனும் பயந்து ஓடி வந்துவிட்டான். பெரியவர் பிழைத்துக்கொண்டார், ஒரு காது மட்டும் கேட்கவில்லையாம். ஆகஸ்டில் ஷெட் அண்ணனைப் போலீஸ் பிடித்த அன்று, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். நான் ஒரு வார்த்தை திட்டவில்லை.

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெம்பு வந்தது. அவனுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு துரும்பு படாது, நான் பொறுப்பு என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் அவன் அழுதுவிட்டான். “அப்பா இருக்கிற இடத்துக்குத்தானேம்மா, போறேன்” என்றான். நேற்று நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். நன்னடத்தை அலுவலர் அம்மா என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். இப்படி ஒரு தாயை நான் பார்த்ததில்லை என்றார். ஜீப்பில் ஏறும்போது அவன் சிரித்துக்கொண்டே கையாட்டினான்.

இந்தக் கடிதம் வருவதற்குள் அவன் உங்களிடம் இருப்பான். பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


செப்டம்பர் 16

என் கண்ணே,

உன் கடிதத்துக்கு முன்னால் அவன் வந்துவிட்டான்.

பட்டறையில் பெஞ்சைச் சுற்றி எல்லாரும் இருந்தார்கள். சின்ன சாரும் இருந்தான். வார்டன் ஒரு பையனைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். நிமிர்ந்து பார்த்தேன். நீல அரைக்கைச் சட்டை, மொட்டைத் தலை, நம் சுண்டு. என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. வாயைத் திறந்தான். ‘அப்’ என்று பாதி வெளியே வந்துவிட்டது. நான், “யார்ரா நீ, கைய கட்டி நில்லு. இங்க எல்லாரும் என்னை மாஸ்டர்னு கூப்பிடணும்” என்று கத்திவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நான் அவனைக் கண்டு வெட்கப்படுகிறேன் என்று நினைக்கிறான். எப்படிச் சொல்வேன்? ஒரு நிமிஷம்கூட அவன் தனியாக இல்லை.

கண்காணிப்பாளரின் காலில் விழாத குறையாக நின்றேன். “உங்க பையன்னு வெளிய தெரிஞ்சா நான் பொறுப்பில்ல. வேற ஜில்லா இல்லத்துக்கு மாத்தச் சொல்லி மேல எழுதிட்டேன். உத்தரவு வர்ற வரைக்கும் அவன் யாரோ, நீங்க யாரோ” என்றார். உத்தரவு எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. விசாரணையில் உன் பொறுப்பில் விட்டாலும் விடலாம், அது அடுத்த மாதம்தான். வேலையை எறிந்துவிட்டு வந்துவிடலாம். வந்துவிட்டால் பகலில்கூட அவனைப் பார்க்க ஆள் இல்லை. சாயங்காலம் கூடத்தைப் பூட்டும் சத்தம் கேட்டதும் என் அறை விளக்கை அணைத்துவிட்டு, விடியும் வரை அந்தப் பக்கமே காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவனை இங்கே ‘புதுசு’ என்று கூப்பிடுகிறார்கள். பெற்றவர்கள் மனு போட்டுப் பிள்ளைகளைப் பார்க்கும் நாளில் நீ வராதே. நம் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அவனுக்கு ஒரு கடிதம் எழுது. நான் ஏன் திரும்பிக்கொண்டேன் என்று அவனுக்குப் புரிய வேண்டும். ஆனால் அதை வாசிக்கப்போவது சின்ன சார், மறந்துவிடாதே.

உன்,
நான்


செப்டம்பர் 21

உங்களுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. ‘வாசலைத் தாண்ட விடாதே’ என்பதை அவன் போன பிறகு வாசித்தேன்.

நான் பயப்படக் கூடாது என்று பொய் எழுதினீர்கள். நானும் பயப்படவில்லை. பயந்திருந்தால் என் பிள்ளையை மடியில் கட்டிக்கொண்டு எங்காவது ஓடியிருப்பேன். கொண்டுபோய் விட்டிருக்க மாட்டேன். வயிறு எரிகிறது. உங்கள்மேல் எரிகிறதா என்மேல் எரிகிறதா தெரியவில்லை. அந்த அலுவலர் அம்மாவின் ஆபீஸ் வாசலிலேயே தினமும் போய் நிற்கிறேன். இனிமேல் எனக்கு இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். எவ்வளவு மோசமாக இருந்தாலும் எழுதுங்கள்.

அவனுக்கு எழுதிவிட்டேன். அதில் இருப்பதை உங்களுக்கும் கீழே எழுதுகிறேன்.

‘அன்புள்ள மகனுக்கு, அம்மா சுகம். நீ சுகமா? சாப்பாட்டில் மிச்சம் வைக்காதே. உன் அப்பா எங்கேயோ தூரத்தில் வேலையில் இருக்கிறார், எப்போதாவது ஒரு கடிதம் போடுகிறார். அவர் மர மில்லில் இருந்த காலத்தில், சின்ன வயதில் நீ அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவாயே, ஞாபகம் இருக்கிறதா? மரம் அறுக்கும் மிஷின் ஓடும்போது நீ எவ்வளவு கத்திக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். அப்பாவுக்கு என்மேல் ஆசையே இல்லை என்று என்னிடம் வந்து அழுவாய். திரும்பினால் கை போய்விடும் என்று நான் சொல்வேன். இப்போதும் அவர் அந்த மாதிரி மிஷின் முன்னால்தான் நிற்கிறார். அது நிற்கும் வரை நீ கூப்பிடாதே. பெரியவர்கள் சொல்படி கேட்டு நட. அம்மா.’

புரிந்துகொள்வான் என்று நம்புகிறேன். நம் பிள்ளை மக்கு இல்லை.

உங்கள் மனைவி


செப்டம்பர் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி எப்படி? தண்ணீர்க் குடத்தைப் பாதி பாதியாகத் தூக்கு.

உன் கடிதத்தைச் சின்ன சார் சனிக்கிழமை வாசித்தார். பெண் குரலில் வாசித்தார், எல்லாரும் சிரித்தோம். மிஷின் கதை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சின்ன வயதில் புத்தியில்லாமல் அழுதிருக்கிறேன். இப்போது எனக்கு அவர்மேல் கோபமே இல்லை. உங்கப்பா என்ன பண்றார்னு இங்கே கேட்டார்கள். அவர் எங்களை விட்டுப் போய் ரொம்ப நாளாச்சு, முகமே மறந்துபோச்சுன்னு சொன்னேன். நீ வருத்தப்படாதே.

சாப்பாடு பரவாயில்லை. பட்டறையில் ஒரு பெஞ்சைத் தேய்க்கிறோம். அது எப்போது முடியும் என்று மாஸ்டருக்கே தெரியாது.

ஒரு உதவி வேண்டும், அம்மா. இங்கே அந்த மரவேலை மாஸ்டருக்கு மரத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை. முன்னெல்லாம் நன்றாகத்தான் இருந்தாராம், இப்போது கொஞ்ச நாளாக, நாங்கள் தேய்க்க ஆரம்பித்தாலே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விடுகிறார். பசங்களுக்கு ஒரே வேடிக்கை. நீ ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறாய், கண்ணில் தண்ணீர் வராமல் இருக்க என்ன மருந்து என்று டாக்டரிடம் கேட்டு, இங்கே ஆபீஸ் விலாசத்துக்கு அவருக்கே ஒரு வரி எழுதிப் போடு. தள்ளிப் போடாதே, இன்றைக்கே எழுது.

சின்ன சாருக்கும் அவர்மேல் ரொம்ப இரக்கம். தன் தேய்ப்பை விட்டுவிட்டு, நாள் முழுக்க அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கண் எந்தப் பக்கம் போனால் தண்ணீர் வருகிறது என்று எங்களிடமும் கேட்கிறார்.

இப்படிக்கு,
உன் மகன்